ரேக் எண்டு ஆடினால் அலைன்மெண்ட் நிற்காது

கார் வைத்திருப்பவர்களிடம் ஸ்டியரிங் தொல்லை எதைச் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே மருந்துதான் வரும்: அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறதா, அலைன்மெண்ட். வண்டி நேராக ஓடாமல் அலைகிறதா, அலைன்மெண்ட். பள்ளத்தில் இறங்கினால் முன்னால் ‘டக் டக்’ என்கிறதா, அதற்கும் அலைன்மெண்ட். செய்த பிறகு சில நாள் நன்றாக ஓடும், அப்புறம் மறுபடி பழைய கதை. அடுத்த கட்டமாக யாராவது “ரேக்கே போயிடுச்சு சார், முழு செட்டும் மாத்தணும்” என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லித் தலைசுற்ற வைப்பார்கள்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் யாரும் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒரு பாகம் இருக்கிறது. பட்டறையில் அதை ‘ரேக் எண்டு’ என்பார்கள். கம்பெனி பாகப் பட்டியலில் ‘இன்னர் டை ராட்’ என்றிருக்கும். ஏறக்குறைய ஓர் அடி நீள எஃகுத் தண்டு, அதன் ஒரு முனையில் ஒரு பந்து மூட்டு. அவ்வளவுதான். அது என்ன செய்கிறது, தேய்ந்தால் என்ன ஆகும், மாற்றும்போது பட்டறையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேவையில்லாத செலவு பாதி குறையும்.

கையிலிருந்து சக்கரம் வரை

இன்று ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களில் அநேகமாக எல்லாமே ‘ரேக் அண்ட் பினியன்’ வகை ஸ்டியரிங் கொண்டவை. ரேக் என்பது ஒரு பக்கம் பல் வெட்டிய நீளமான எஃகுக் கம்பி. காரின் அகலவாக்கில், இன்ஜினுக்குப் பின்னால் தாழ்வாக, ஒரு குழாய்க்குள் படுத்திருக்கும். பினியன் என்பது அந்தப் பற்களில் கடித்து நிற்கும் சின்னப் பல்சக்கரம். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பினியன் சுற்றும். பினியன் சுற்றினால் ரேக் இடமோ வலமோ நகரும். ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாலும் ரேக் நகரும் தூரம் ஒரு சாணுக்கும் குறைவுதான்.

(லாரி, பஸ்ஸில் இருப்பது வேறு ஏற்பாடு. அங்கே ஸ்டியரிங் பாக்ஸ் தனி, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்க அச்சுக்கு இணையாக ஒரே நீளத் தண்டு. அதையும் டை ராட் என்றே சொல்வார்கள். அதை இங்கே கலக்க வேண்டாம்.)

ரேக்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரேக் எண்டு மரை போட்டு முடுக்கப்பட்டிருக்கும். ரேக் எண்டின் மறு முனையில் ‘டை ராட் எண்டு’ என்ற இன்னொரு துண்டு, அதுவும் மரையில்தான் ஏறி நிற்கும். இரண்டும் தன்னால் சுற்றிவிடாமல் இருக்க நடுவில் ஒரு செக் நட். கடைசியாக, டை ராட் எண்டு போய் நக்கிளில் மாட்டிக்கொள்ளும். சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு, அதைத் திருப்பவும் செய்கிற கனமான வார்ப்புத் துண்டுதான் நக்கிள்.

ஆக வரிசை இதுதான்: ஸ்டியரிங், பினியன், ரேக், ரேக் எண்டு, டை ராட் எண்டு, நக்கிள், சக்கரம். கையின் அசைவு இந்த வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. சாலையின் அடியும் இதே வழியாகத்தான் திரும்பி வருகிறது.

நேராக ஒரு கம்பி போட்டால் ஆகாதா?

ஆகாது. ரேக் இருக்கும் குழாய் காரின் உடம்போடு போல்ட் போட்டுப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அது மேலும் கீழும் அசையாது. சக்கரமோ சஸ்பென்ஷனோடு சேர்ந்து ஒவ்வொரு மேட்டிலும் ஏறி, ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்குகிறது. அசையாத ஒன்றையும் ஓயாமல் அசைகிற ஒன்றையும் விறைப்பான கம்பியால் இணைத்தால் முதல் வேகத்தடையிலேயே ஏதாவது ஒன்று வளையும் அல்லது உடையும்.

அதனால் இரண்டு முனையிலும் பந்து மூட்டு வைத்தார்கள். பந்து மூட்டு என்றால், ஒரு கிண்ணத்துக்குள் இறுகப் பொதிந்த எஃகுப் பந்து. எந்தப் பக்கமும் சாய்ந்து சுழலும்; ஆனால் கிண்ணத்தை விட்டு வெளியே வராது. பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே வழுக்கலான பிளாஸ்டிக் படுகை ஒன்றும் கொஞ்சம் கிரீஸும் இருக்கும். ரேக் எண்டில் அந்தப் பந்து தண்டின் முனையிலேயே இருக்கிறது, கிண்ணம் ரேக்கோடு முடுக்கப்படுகிறது. டை ராட் எண்டில் பந்தின் முள் தண்டுக்குச் செங்குத்தாக நின்று நக்கிளின் துளையில் இறங்குகிறது. பார்த்தவுடன் வேறுபாடு தெரியும்: டை ராட் எண்டு வெளியே, கண்ணுக்கு எதிரே இருக்கும். ரேக் எண்டின் மூட்டு மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கும். சந்தேகம் எப்போதும் டை ராட் எண்டு மேலேயே விழுவதற்கு இந்த ஒளிவும் ஒரு காரணம்.

சென்னையில் தலைமையகம் கொண்ட ராணே குழுமம் போன்றவர்கள் இந்த மூட்டுகளை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். உங்கள் காரின் கம்பெனிப் பெட்டிக்குள் இருக்கும் பாகமும் இப்படி ஓர் உதிரிபாகத் தயாரிப்பாளரிடமிருந்து வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

தெருவோர அடிபம்பை நினைத்துப் பாருங்கள். புதுசில் கைப்பிடியை ஓர் அங்குலம் இறக்கினால் உள்ளே தண்டும் உடனே ஏறும். சில வருஷம் ஊர் முழுக்க அடித்த பிறகு, கைப்பிடியைத் தாங்கும் முள்ளும் புஷ்ஷும் தேய்ந்துவிடும். அப்போது கைப்பிடி முதலில் நாலு விரல்கடை சும்மா இறங்கும், ‘டக்’ என்று ஒரு சத்தம், அதற்கப்புறம்தான் தண்டு அசையும். பம்பு கெட்டுப்போகவில்லை, உள்ளே வாஷரும் சரி, குழாயும் சரி. இணைப்பில் விழுந்த அந்த இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதற்காக யாரும் குழாயைப் பிடுங்கிவிட்டுப் புது போர் போடுவதில்லை, முள்ளையும் புஷ்ஷையும் மாற்றுவார்கள்.

ரேக் எண்டிலும் இதேதான். பந்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் படுகை தேய்கிறது, பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. அதன் பெயர் ஆட்டம். ‘பிளே’ என்றும் சொல்வார்கள். ரேக் நகர்ந்தாலும் அந்த இடைவெளி அடைபடும் வரை சக்கரம் அசையாது. மறுபுறம், ரேக் நகராமலே இருந்தாலும் சாலை அடிக்கிற அடியில் சக்கரம் அந்த இடைவெளி அளவுக்குத் தானாகவே திரும்பும்.

இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். வேகத்தில் போகும்போது வண்டி லேசாக அலைவதும், நீங்கள் ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே ஓட்டுவதும் இதனால்தான். இங்கே ஒரு பேதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வண்டி எப்போதும் ஒரே பக்கம் *இழுத்தால்* முதலில் டயர் காற்று, ஒட்டிக்கொள்ளும் பிரேக், சாலையின் சரிவு இவற்றைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி *அலைந்தால்* மூட்டுகளைப் பாருங்கள்.

அலைன்மெண்ட் ஏன் நிற்பதில்லை

முன் சக்கரங்கள் இரண்டையும் மேலேயிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றின் முன் ஓரங்களுக்கு இடையே உள்ள தூரமும் பின் ஓரங்களுக்கு இடையே உள்ள தூரமும் கொஞ்சம் வேறுபடலாம். அந்த வேறுபாடுதான் ‘டோ’. முன்பக்கம் நெருங்கியிருந்தால் டோ-இன், விரிந்திருந்தால் டோ-அவுட். அலைன்மெண்ட் கடையில் முன் சக்கரத்துக்குச் செய்யும் வேலையில் பெரும்பங்கு இந்த டோவைச் சரிசெய்வதுதான். பல சிறிய கார்களில் முன்பக்கம் எளிதாகத் திருத்தக்கூடியதும் இது ஒன்றுதான்.

எப்படித் திருத்துகிறார்கள்? செக் நட்டைத் தளர்த்தி, ரேக் எண்டின் தண்டைச் சுற்றுகிறார்கள். மரையில் உள்ளே போனால் மொத்த நீளம் குறையும், வெளியே வந்தால் கூடும். நீளம் மாறினால் சக்கரத்தின் கோணம் மாறும்.

எவ்வளவு மாறும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரையின் புரிக்கும் புரிக்கும் நடுவே 1.5 மி.மீ., நக்கிளில் டை ராட் மாட்டும் இடம் திருப்பு அச்சிலிருந்து 130 மி.மீ. தள்ளி என்று வைத்துக்கொண்டால், தண்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய 0.66 டிகிரி திரும்பும். 14 அங்குல ரிம்மில் அளந்தால் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் 4 மி.மீ. வித்தியாசம். தயாரிப்பாளர்கள் சொல்லும் டோ அளவோ, பல கார்களில் பூஜ்யத்தை ஒட்டி ஓரிரண்டு மி.மீ. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மட்டுமே. அதாவது கால் சுற்று, அரைச் சுற்றுகூடப் பெரிய விஷயம்.

இப்போது அதே கணக்கில் மூட்டின் ஆட்டத்தைப் போடுங்கள். வெறும் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் ரிம்மில் 2.7 மி.மீ. அளவுக்குச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பலாம். அலைன்மெண்ட் கருவியின் மேல் வண்டி அசையாமல் நிற்கும்போது அந்த இடைவெளி ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும், அச்சடித்த தாளையும் கையில் கொடுத்துவிடுவார்கள். சாலையில் இறங்கி பிரேக் பிடித்தவுடன் இடைவெளி வேறு பக்கம் சாயும். பச்சையும் போச்சு, டோவும் போச்சு.

சுருக்கமாக: அலைன்மெண்ட் என்பது ஒரு நீளத்தை நிறுத்திவைக்கும் வேலை. மூட்டு ஆடுகிற தண்டுக்கு நிலையான நீளமே கிடையாது. நிறுத்திவைக்க அங்கே எதுவும் இல்லை.

டோ தவறியிருப்பதை டயரே சொல்லிவிடும். கையை டயரின் மேல்பரப்பில் குறுக்காக, உள்ளிருந்து வெளியாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் டயர் நேராக உருளாமல் சற்றே குறுக்காக இழுபட்டு ஓடுகிறது என்று அர்த்தம்.

எப்படிக் கண்டுபிடிப்பது

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபின், சக்கரத்தைக் கடிகார முகம்போல் எண்ணிக்கொண்டு 9 மணி, 3 மணி இடங்களில் இரண்டு கைகளால் பிடித்து ஆட்ட வேண்டும். ஒரு கை தள்ள, மறு கை இழுக்க. இப்படி ஆட்டும்போது ‘லொட லொட’ என்று தளர்வு தெரிந்தால் டை ராட் வரிசையில் எங்கேயோ ஆட்டம். 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் அது பெரும்பாலும் வீல் பேரிங் அல்லது லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடிப்பக்கம் உடம்போடு இணைக்கும் கை) பந்து மூட்டு; ரேக் எண்டைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அடுத்து, உள்ளா வெளியா என்று பிரிக்க வேண்டும். ஒருவர் சக்கரத்தை ஆட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் முதலில் டை ராட் எண்டின் மேல் விரலை வைத்துப் பார்ப்பார். அங்கே தட்டுப்படவில்லை என்றால் ரப்பர் உறையை விரல்களால் அழுத்தி, உள்ளே இருக்கும் மூட்டை உறையோடு சேர்த்துப் பிடிப்பார். ஆட்டம் இருந்தால் ‘டிக்’ என்ற தட்டல் விரலுக்கு நன்றாகத் தெரியும். சில கார்களில் உறை தடித்த பிளாஸ்டிக்காக இருக்கும், அழுத்த வராது. அப்போது உறையை விலக்கிப் பார்ப்பதுதான் ஒரே வழி. மெக்கானிக் இந்தச் சோதனையை உங்கள் எதிரிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். சில நிமிஷ வேலை. செய்துகாட்ட மறுப்பவரிடம் பாகத்தை மாற்றவும் கொடுக்காதீர்கள்.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவது ஆபத்து. கரடுமுரடான சாலையில் முன்னால் வரும் ‘டக் டக்’ சத்தத்துக்கு லிங்க் ராட் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு), ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட், ஸ்டியரிங் தண்டின் நடு ஜாயிண்ட் என்று பல பேர் காரணமாக இருக்கலாம். இதில் லிங்க் ராட் அடிக்கடி போகும், விலையும் குறைவு. சத்தம் மட்டும் இருந்து ஆட்டம் இல்லையென்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் போகவேண்டும்.

“முழு ரேக்கும் போச்சு” என்பது உண்மையாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ரேக் கம்பி வளைந்திருந்தால், துருப் பிடித்திருந்தால், பற்கள் தேய்ந்து பினியனிடத்திலேயே ஆட்டம் வந்தால் ரேக் எண்டு மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள கார்களில் ரப்பர் உறையைப் பிரிக்கும்போது உள்ளிருந்து எண்ணெய் கொட்டினால் அதை அடைத்து நிறுத்தும் ரேக்கின் சீல் போய்விட்டது என்று பொருள். ஸ்டியரிங் தண்டில் மோட்டார் வைத்த எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில் அப்படிக் கொட்டுவதற்கு எண்ணெயே கிடையாது. அந்தக் காரில் எவராவது “சீல் லீக்” என்றால் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றும் வேலை

நீங்களே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பட்டறையில் எதைக் கவனிப்பது என்று தெரியும். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. இது பட்டறைக்கும் பொருந்தும்.

சக்கரத்தைக் கழற்றியபின் செக் நட்டை லேசாகத் தளர்த்துவார்கள். அப்புறம் டை ராட் எண்டின் முள்ளில் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவுக் கம்பி) இருந்தால் அதை உருவி, நட்டைக் கழற்றி, புல்லர் என்ற பிடுங்கும் கருவி வைத்து முள்ளை நக்கிளிலிருந்து விடுவிப்பார்கள். அந்த முள் கூம்பு வடிவில் இறுகியிருக்கும், சும்மா இழுத்தால் வராது. நக்கிளின் காதில் சுத்தியலால் தட்டி எடுப்பதும் பழைய வழக்கம்தான். முள்ளின் மரையிலேயே அடிப்பது மட்டும் கூடாது, நல்ல டை ராட் எண்டு வீணாகிவிடும்.

இப்போது டை ராட் எண்டை மரையிலிருந்து சுற்றிக் கழற்ற வேண்டும். எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி வைத்துக்கொள்வது நல்ல மெக்கானிக்கின் அடையாளம். மூட்டிலிருந்து மூட்டு வரை நீளத்தை அளந்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் புது ரேக் எண்டின் மரை பழையதைப் போலவே அதே இடத்தில் தொடங்கும் என்று சொல்ல முடியாது. இப்படி அளந்து மாட்டினால் பட்டறையிலிருந்து அலைன்மெண்ட் கடை வரை வண்டி ஒழுங்காகப் போகும். ஆனால் இது அலைன்மெண்டுக்கு மாற்று அல்ல. மேலே போட்ட கணக்கு நினைவிருக்கும், அரைச் சுற்றுப் பிழைக்கே டயர் தேயத் தொடங்கிவிடும்.

அடுத்து உறையின் இரண்டு கிளிப்பையும் எடுத்து உறையை உருவினால் மூட்டு தெரியும். இதுதான் வேலையின் நாசூக்கான கட்டம். ரேக் எண்டின் கிண்ணம் ரேக்கோடு மிக இறுக்கமாக முடுக்கப்பட்டிருக்கும். சில கார்களில் அது சுற்றாமல் இருக்க அடியில் ஒரு வாஷரின் காதை மடித்துவிட்டிருப்பார்கள், சிலவற்றில் மரையில் பசை போட்டிருப்பார்கள். இதைக் கழற்ற நீளக் குழாய்போன்ற தனிக் கருவி உண்டு, தண்டின் மேல் நுழைத்துக் கிண்ணத்தைப் பிடித்துத் திருப்பலாம். கருவி இல்லாத இடத்தில் பைப் ரெஞ்சு வைத்துத் திருப்புவார்கள். பழைய பாகம் எப்படியும் குப்பைக்குப் போவது என்பதால் அதன்மேல் ரெஞ்சுக் காயம் படுவதில் தப்பில்லை. ஆனால் திருப்பும்போது ரேக் கம்பியும் சேர்ந்து முறுகினால் அந்த விசை முழுதும் பினியன் பல்லில் போய் விழும். அதனால் ரேக்கின் முனையில் தட்டையாகச் சீவிய இடம் இருந்தால் அங்கே ஒரு ஸ்பேனர் போட்டு எதிர்ப்பிடி பிடிக்க வேண்டும். ரேக்கின் வழவழப்பான பரப்பில் மட்டும் ரெஞ்சு வைக்கக் கூடாது. அங்கே விழும் ஒரு கீறல் சீலைக் கிழிக்கும். மலிவான வேலைக்கு வந்தவர் முழு ரேக்குக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

புது ரேக் எண்டைக் கையில் வாங்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தண்டைச் சாய்த்துப் பாருங்கள். விறைப்பாக, எண்ணெய் தடவியதுபோல் சீராக நகர வேண்டும். தன் எடையிலேயே தண்டு தொங்கி விழுந்தால் அந்தப் பாகம் வேண்டாம். புதியதை டார்க் ரெஞ்சு (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்க வேண்டும். “கை பழக்கத்திலேயே தெரியும்” என்பது இந்த இடத்தில் செல்லாது. மடிக்கும் வாஷர் உள்ள கார் என்றால் புது வாஷர், ஸ்பிளிட் பின் உள்ள கார் என்றால் புது ஸ்பிளிட் பின். இந்த மூட்டு கழன்றால் அந்தப் பக்கச் சக்கரம் உங்கள் கைக்கு அடங்காது.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டுமா? கட்டாயமில்லை. ஆனால் இரண்டும் ஒரே வயது, ஒரே சாலை. மறுபக்கமும் லேசாக ஆடினால் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அலைன்மெண்ட் செலவாவது ஒரு தடவையோடு போகும்.

ரப்பர் உறை என்ற காவல்காரன்

ரேக் எண்டு சாகக் காரணம் பல நேரம் அதன் உறைதான். உறை முழுதாக இருந்தால் மூட்டு பல வருஷம் தாங்கும். கிழிந்தால் மழைநீரும் மண்ணும் உள்ளே போகும். கிரீஸ் கரையும், மண் படுகையை அரைக்கும், ரேக் கம்பியிலும் துரு ஏறும். மூட்டு ஆடாத நிலையிலேயே கிழிசலைக் கண்டால் உறையை மட்டும் மாற்றினால் போதும், சின்னச் செலவு.

அலைன்மெண்ட் செய்யும்போதே பல உறைகள் கெடுகின்றன என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. டோவைத் திருத்த ரேக் எண்டின் தண்டைச் சுற்ற வேண்டும் என்றேன் அல்லவா? உறையின் வெளி முனை அந்தத் தண்டின் மேல்தான் கிளிப்போடு இறுகியிருக்கிறது. கிளிப்பைத் தளர்த்தாமல் தண்டைச் சுற்றினால் உறையும் சேர்ந்து முறுகும். முறுகிய உறை, ஸ்டியரிங் ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் மடிப்புகளில் இழுபட்டு, கொஞ்ச நாளில் கிழியும். ஆடுகிற மூட்டைக் கவனிக்காமல் திரும்பத் திரும்ப அலைன்மெண்ட் செய்தால் உறையும் போய், போன மூட்டு இன்னும் வேகமாகப் போகிற வேடிக்கை நடக்கும். அடுத்த முறை வண்டி லிஃப்டில் ஏறும்போது உறையின் மடிப்புகள் நேர் வளையங்களாக இருக்கின்றனவா, சுழன்று நிற்கின்றனவா என்று பாருங்கள்.

மாட்டிய பிறகு

முதலில் மூட்டு, அதன் பிறகு அலைன்மெண்ட். இந்த வரிசை மாறக்கூடாது. அலைன்மெண்ட் தொடங்கும் முன் டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்ட வேண்டும். டோவை ஒரே பக்கத்துத் தண்டில் மட்டும் திருத்தினால் மொத்த அளவு சரியாக வரும், ஆனால் வண்டி நேரே போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். அது ரேக் எண்டு மாற்றியதன் கோளாறல்ல. அலைன்மெண்ட் கடைக்குத் திரும்பப் போய், இரண்டு பக்கமும் பகிர்ந்து திருத்தச் சொல்ல வேண்டிய விஷயம். வண்டி வழுக்குவதைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள கார்களில் ஸ்டியரிங் கோணத்தை அளக்கும் சென்ஸாருக்கும் புது நடு எது என்று ஸ்கேனர் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். டாஷ்போர்டில் அந்தக் கட்டுப்பாட்டின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.